சம்பளம் 40 சதவீதம் கூடுகிறது, வாடகை இரண்டு மடங்குக்கு மேல்: போகலாமா?

பெட்டிகட்டாதவன்

வணக்கம். பல வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. வேறொரு நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மொத்தச் சம்பளம் இப்போது வாங்குவதைவிட 40 சதவீதம் அதிகம். ஆனால் விலைவாசிக்குப் பேர்போன நகரம். ஊர் பெயரைச் சொல்ல முடியாது, அலுவலகத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது. நாணயத்தைச் சொன்னாலே பாதி பேர் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால், இப்போது மாதம் கைக்கு வருவதை 100 என்று வைத்துச் சொல்கிறேன்.

வாடகை 18. மளிகை, மின்சாரம், எரிவாயு எல்லாம் சேர்த்து 22. போக்குவரத்து 6. மகளின் காப்பகம் 8. கடன் தவணை 15. பெற்றோருக்கு 10. சில்லறைச் செலவுகள் 9. மிச்சம் 12.

இரண்டு நகரங்களையும் ஒப்பிடும் ஒரு தளத்தில் பார்த்தேன். அங்கே 25 சதவீதம்தான் விலை அதிகம் என்றது. 40-இல் 25 போனால் 15 லாபம். மனைவி நம்பவில்லை. எனக்கும் எங்கோ இடிக்கிறது.

ஓரக்கண்

40-இல் 25 போனால் 15 என்று கழித்ததை உங்கள் கணக்கு வாத்தியாரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கணக்கன்

கிண்டல் ஒருபக்கம் இருக்கட்டும், விஷயம் அதுதான். சம்பளம் 1.40 மடங்கு, விலை 1.25 மடங்கு என்றால் கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். 1.12 வரும். உங்கள் 15 இப்போதே 12 ஆகிவிட்டது. இதுவும் வரிக்கு முந்தைய கதை. அடுக்கு வரி உள்ள எந்த நாட்டிலும், கூடுதலாக வரும் பணத்தின் மேல்தான் உங்களுடைய உச்ச விகிதம் விழும். மொத்தம் 40 கூடினால் கைக்கும் 40 கூடும் என்று நினைக்காதீர்கள்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 25-இல் வாடகை சேர்ந்திருக்கிறதா? நம்பியோ என்ற ஒப்பீட்டுத் தளத்தில் 'வாழ்க்கைச் செலவுக் குறியீடு' என்று முதலில் கண்ணில் படுவது வாடகை சேராதது. வாடகைக்கு ஒரு தனிக் குறியீடு, இரண்டும் கலந்தது இன்னொன்று. மூன்றிலும் நியூயார்க்தான் 100. பலர் முதல் நிரலை மட்டும் பார்த்துவிட்டு மூட்டை கட்டுகிறார்கள். அதோடு, அந்தத் தளத்தில் விலைகளில் பெரும்பகுதியைப் போடுவது உங்களையும் என்னையும் போன்ற பார்வையாளர்கள். யார் போட்டார்கள், எந்தப் பேட்டையில் இருந்து போட்டார்கள் என்பது நமக்குத் தெரியாது.

இரண்டு வேலை செய்யுங்கள். ஹெச்.ஆரிடம், பிடித்தமெல்லாம் போகக் கைக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம், அலுவலகத்திலிருந்து 45 நிமிடத்துக்குள் இன்றைக்குக் காலியாக இருக்கும் பத்து வீடுகளின் வாடகையைக் குறித்து, ஏறுவரிசையில் எழுதி நடுவில் நிற்பதை எடுங்கள். சராசரி வேண்டாம். நடுவில் ஒரு மாளிகை புகுந்தால் சராசரி கெட்டுவிடும்.

புதுவரவு

மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனம் வெளியிடும் விலைவாசிப் பட்டியலில் அந்த நகரம் எத்தனையாவது இடம் என்று பார்த்தாலே போதுமே?

பொருளியல்பித்தன்

போதாது. மெர்சர் பட்டியல், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள் அவர்களுக்கான படித்தொகையை நிர்ணயிப்பதற்காகத் தயாராவது. இருநூறுக்கும் மேற்பட்ட பொருள், சேவைகளின் விலையை நியூயார்க்கோடு ஒப்பிடுகிறார்கள், அதையும் டாலரில். உள்ளூர் நாணயம் டாலருக்கு எதிரே சரிந்தால் அந்த நகரம் பட்டியலில் இறங்கிவிடும். அந்த ஊரிலேயே சம்பளம் வாங்கி அந்த ஊரிலேயே வாடகை கட்டுபவருக்கு இதனால் ஒரு காசும் மிச்சமாகாது.

நகரத்தின் விலைவாசி என்று எல்லோருக்கும் பொதுவாக ஒன்று கிடையாது என்பது என் கட்சி. உங்கள் செலவை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஒன்று ஊரோடு ஒட்டியது: வாடகை, காப்பகம், பேருந்து, முடிவெட்டு, குழாய் பழுதுபார்ப்பவர். இன்னொன்று ஆளோடு வருவது: கடன் தவணை, பெற்றோருக்கு அனுப்புவது, போன், விமான டிக்கெட், இணையச் சந்தா. நீங்கள் எந்த ஊரில் குடியிருந்தாலும் கடன் கொடுத்தவருக்கு அதே 15தான்.

ஊரோடு ஒட்டியது மட்டும் ஏன் ஏறுகிறது? முடிவெட்டுபவர் பெரிய நகரத்தில் அதிகத் தலைகளைப் பார்ப்பதில்லை, ஒரு தலைக்கு அதே அரைமணிதான். ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் சம்பளம் உயர்ந்தால் அவரும் கூலியை ஏற்றியாக வேண்டும். இல்லையென்றால் கத்திரியை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். கடைக்கும் வீட்டுக்கும் அவரும் அதே ஊர் வாடகைதானே கட்டுகிறார். நாடுகளுக்கு இடையில் இதே விஷயத்தை பொருளியலாளர்கள் பெலா பலாஸாவும் பால் சாமுவேல்சனும் 1964-இல் தனித்தனியாக எழுதினார்கள். கப்பலில் ஏற்றக்கூடிய பொருளின் விலை ஊருக்கு ஊர் நெருங்கி வரும், ஏற்ற முடியாத சேவையின் விலை உள்ளூர்ச் சம்பளத்தோடு ஓடும்.

ஆகவே கடன் இருப்பவருக்கும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவருக்கும் விலை கூடிய நகரம் பெரும்பாலும் லாபம். சின்னக் குழந்தை வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் நட்டம். நீங்கள் இரண்டுமாக இருக்கிறீர்கள், அதுதான் சிக்கல்.

பெட்டிகட்டாதவன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று முழுக்க இதே வேலையாக இருந்தேன். கைக்கு வருவது 134. வீடு, கணக்கன் சொன்ன முறையில் பார்த்தால் 41. காப்பகம் மூன்று இடத்தில் விசாரித்தேன், 20-க்குக் குறைந்து இல்லை. மளிகை வகையறா 27.5 ஆகும் என்று அங்கே இருக்கும் ஒரு நண்பர் சொன்னார். போக்குவரத்து 10, சில்லறை 12.

கணக்கன்

41 + 27.5 + 10 + 20 + 12. இது ஊரோடு ஒட்டியது, 110.5. தவணையும் பெற்றோருக்கு அனுப்புவதும் 25. மொத்தம் 135.5. கைக்கு வருவது 134.

மாதம் 12 மிச்சம் பிடித்தவர், 40 சதவீத உயர்வு வாங்கிக்கொண்டு போய் மாதம் 1.5 கடன் வாங்கப் போகிறீர்கள்.

ஓரக்கண்

வாழ்த்துகள்.

புதுவரவு

ஆனால் 134-இல் 41 என்பது கிட்டத்தட்ட 30 சதவீதம்தானே. வாடகை 30 சதவீதத்துக்குள் இருந்தால் சமாளிக்கலாம் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்களே.

பொருளியல்பித்தன்

அந்த 30 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் இருக்கும் ஏழைக் குடும்பங்களிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று 1969-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது, செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்தது. 1981-இல் அரசின் செலவைக் குறைக்க அந்த 25-ஐ 30 ஆக்கினார்கள். அரசு வாடகை வசூலிக்க வைத்த உச்சவரம்பு எப்படியோ உலகம் முழுவதும் குடும்ப பட்ஜெட் அறிவுரையாகிவிட்டது.

பெர்லினின் புள்ளியியலாளர் ஹெர்மன் ஷ்வாபே 1868-லேயே வேறொன்றைக் கவனித்திருக்கிறார்: வருமானம் ஏற ஏற, அதில் வாடகையின் பங்கு குறைகிறது. அப்படியென்றால் ஒரே சதவீதம் எல்லோருக்கும் எப்படிப் பொருந்தும்? வருமானம் 60 உள்ளவருக்கு 30 சதவீதம் போனால் மிச்சம் 42. வருமானம் 300 உள்ளவருக்கு 50 சதவீதம் போனாலும் 150 கையில் நிற்கும். பார்க்க வேண்டியது மிச்சத்தை.

திரும்பிவந்தவள்

நான் அப்படி ஒரு நகரத்தில் நான்கு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவள். கணக்கன் போட்ட கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒரு வரியே விட்டுப்போயிருக்கிறது. பெட்டிகட்டாதவன், இப்போது காப்பகம் எத்தனை மணிக்கு முடிகிறது? அதற்குப் பிறகு உங்கள் மகள் யாரிடம் இருக்கிறாள்?

பெட்டிகட்டாதவன்

நான்கு மணிக்கு முடியும். என் அம்மா அழைத்துப் போவார். ஆறரைக்கு நான் கூட்டி வருவேன்.

திரும்பிவந்தவள்

நினைத்தேன். அங்கே அந்த இரண்டரை மணி நேரத்துக்கு யாரையாவது அமர்த்த வேண்டும், அல்லது நீட்டித்த நேரத்துக்குக் காப்பகத்தில் தனியாகக் கட்ட வேண்டும். உங்கள் 20 அதைச் சேர்த்ததா?

எந்த ஒப்பீட்டுத் தளத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது, ஏனென்றால் இப்போது இதற்கு விலையே இல்லை. காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ள அம்மா. அவசரத்துக்கு வண்டி கொடுக்கும் தம்பி. தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஒரு போனில் வந்து நிற்கும் பழைய சிநேகிதர். புது ஊரில் இவை ஒவ்வொன்றுக்கும் ரசீது வரும். என் முதல் வருடத்தில் வாடகை என்னை அடிக்கவில்லை, அதை எதிர்பார்த்துத்தான் போனேன். இந்த ரசீதுகள்தான் அடித்தன.

பெட்டிகட்டாதவன்

சேர்க்கவில்லை. நீட்டித்த நேரத்துக்கு இன்னும் 6 ஆகும் என்கிறார்கள்.

ரெட்டைவாடகை

மாதாமாதக் கணக்கையே எல்லோரும் பேசுகிறீர்கள். முதல் மாதத்தை யாரும் தொடவில்லை. என் பெயரைப் பார்த்தாலே புரியும், எனக்கு அங்கேதான் அடி விழுந்தது.

பழைய வீட்டைக் காலி செய்ய முன்னறிவிப்புக் காலம் முடியவில்லை, புது வீட்டுக்காரர் இந்த மாதமே வரவில்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்கிறார். இரண்டு வாடகையும் கட்டினேன். தரகர் ஒருவர் படத்தில் காட்டிய வீடும் சாவி கொடுத்த வீடும் வேறு. அவருக்குக் கொடுத்தது போனது போனதுதான், இரண்டாவது தரகருக்கு மறுபடி ஒரு மாத வாடகை. சம்பளமோ மாதக் கடைசியில்தான் வரும்.

உங்கள் எண்ணிலேயே போட்டுக் காட்டுகிறேன். முன்பணம் எத்தனை மாதம் என்பது ஊருக்கு ஊர் மாறும், இரண்டு என்று வைத்துக்கொள்கிறேன்: 82. முதல் மாத வாடகை 41. தரகு 41. பழைய வீட்டுக்கு ஒரு மாதம் 18. சாமான் ஏற்றி இறக்க, எல்லோரும் போய்ச் சேர 30. ஆக 212. ஒரு நாற்காலி வாங்குவதற்கு முன்பே இப்போதைய சம்பளத்தில் இரண்டு மாதத்துக்கு மேல். மாதம் 12 சேர்ப்பவருக்கு இது பதினெட்டு மாதச் சேமிப்பு.

இதில் முன்பணம் திரும்பி வரும் என்பார்கள். வரும், சுவரில் ஆணி அடித்ததற்குப் பிடித்தது போக.

நிறுவனத்திடம் இடமாற்றப் படி கேளுங்கள். சம்பளத்தை இன்னும் ஏற்றச் சொன்னால் தயங்குவார்கள், ஒரே ஒரு தடவை கொடுக்கும் தொகைக்கு எளிதாகக் கையெழுத்து போடுவார்கள். வருடக்கணக்கில் தொடராத செலவு அவர்களுக்குச் சுலபம். ஆனால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும் என்று பல இடங்களில் எழுதியிருக்கும்.

கடைசிவண்டி

தள்ளி வீடு எடுத்தால் வாடகை இறங்குமே, ஏன் யாரும் சொல்லவில்லை? நான் அப்படித்தான் ஒன்பது வருடம் ஓட்டினேன்.

பெட்டிகட்டாதவன்

பார்த்தேன். ஒரு மணி நேரம் தள்ளிப் போனால் 28-க்குக் கிடைக்கிறது. பயணச் செலவு 10 என்பது 14 ஆகும்.

கணக்கன்

வாடகையில் 13 இறங்குகிறது, பயணத்தில் 4 ஏறுகிறது. லாபம் 9. நாளைக்கு இரண்டு மணி நேரம் அதிகம், மாதம் 22 வேலைநாள், ஆக 44 மணி நேரம். 9-ஐ 44-ஆல் வகுத்தால் மணிக்கு 0.20.

உங்கள் சம்பளம் 134, மாதம் 176 மணி நேர வேலை. மணிக்கு 0.76. அலுவலகத்துக்கு 0.76-க்கு விற்கும் நேரத்தை, வண்டிக்கு 0.20-க்கு விற்கிறீர்கள். கால்வாசி விலைக்குச் சற்று மேல்.

விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்து விற்க வேண்டும். இரண்டு மணி நேரமும் உட்கார்ந்து படித்துக்கொண்டே போக முடியும் என்றால் அது ஒரு கணக்கு. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி என்றால் வேறு கணக்கு.

பொருளியல்பித்தன்

இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைப் பற்றியது. நடந்து போன காலத்திலிருந்து கார் காலம்வரை, மனிதர்கள் ஒரு நாளைக்குப் பயணத்துக்குக் கொடுக்கும் நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்தைச் சுற்றியே நிற்கிறது என்றார். வண்டி வேகமானால் நேரம் மிச்சமாவதில்லை, ஊர்தான் பெரிதாகிறது. நீங்கள் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் போகப் போகிறீர்கள்.

ஸ்டட்ஸர், ஃபிரை என்ற இருவர் ஜெர்மனியின் ஆய்வுத் தரவுகளை வைத்து 2008-இல் எழுதினார்கள்: தூரத்திலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கு அதற்கு ஈடாகச் சம்பளமோ வாடகைக் குறைவோ கிடைத்திருக்க வேண்டும், ஆனால் கேட்டுப் பார்த்தால் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருந்தது. அந்த ஈடு போதவில்லை.

கடைசிவண்டி

ஜெர்மன்காரர்களைக் கேட்க வேண்டியதில்லை, என்னைக் கேட்டிருக்கலாம். மகன் நடக்க ஆரம்பித்ததை வீடியோவில்தான் பார்த்தேன். ஆனாலும் அந்த ஒன்பது வருடத்தில் கடனை அடைத்தேன், அதையும் சொல்லியாக வேண்டும்.

ஓரக்கண்

இவ்வளவு நேரம் கிண்டல் செய்ததற்குப் பரிகாரமாக ஒரு உருப்படியான கேள்வி. பெட்டிகட்டாதவன், 100 என்றீர்களே, அது உங்கள் ஒருவருடைய சம்பளமா? உங்கள் மனைவி இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறார், நம்பவில்லை என்பதைத் தவிர?

பெட்டிகட்டாதவன்

இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். அவர் பகுதிநேர வேலை செய்கிறார். மாதம் 25 வரும். அந்தப் பணத்தைத் தொடுவதில்லை, அப்படியே சேமிப்பு. அதனால் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை. இடம் மாறினால் அந்த வேலையை விட வேண்டியிருக்கும்.

கணக்கன்

நண்பரே! இப்போது நீங்கள் மாதம் சேமிப்பது 12 இல்லை, 37. அங்கே போனால், நீட்டித்த காப்பகம் 6-ஐயும் சேர்த்தால், மைனஸ் 7.5. ஆரம்பத்தில் 15 லாபம் என்று வந்தீர்கள். உண்மையில் மாதம் 44.5 வித்தியாசம், எதிர்ப்பக்கத்தில்.

திரும்பிவந்தவள்

'தொடுவதில்லை' என்பதால் கணக்கில் இல்லை! என் வீட்டிலும் இதே வசனம் ஓடியிருக்கிறது.

பொருளியல்பித்தன்

இனி நான் மறுபக்கத்துக்கு வாதாடுகிறேன், இல்லையென்றால் இழை ஒருதலையாக முடிந்துவிடும்.

உங்கள் மனைவி அந்த நகரத்தில் முழுநேர வேலைக்குப் போக விரும்புகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டோரா கோஸ்டாவும் மாத்யூ கானும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், இருவருமே பட்டம் பெற்ற அமெரிக்கத் தம்பதிகள் 1940-க்கும் 1990-க்கும் இடையில் பெருநகரங்களை நோக்கி மேலும் மேலும் நகர்ந்திருப்பதைக் காட்டினார்கள். காரணம் சிக்கலானது இல்லை. சின்ன ஊரில் ஒருவருக்கு நல்ல வேலை கிடைக்கும், ஒரே ஊரில் இருவருக்கும் கிடைப்பதுதான் கஷ்டம். விலை கூடிய நகரத்தில் நீங்கள் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கு, இரண்டாவது வேலை கிடைக்கும் வாய்ப்புக்கான கட்டணம். அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் வாடகையை மட்டும் கட்டினால் நட்டம்தான்.

இன்னொன்று, அனுபவம். ஸ்பெயினின் சமூகப் பாதுகாப்புப் பதிவுகளை வைத்து தெலா ரோக்காவும் பூகாவும் 2017-இல் எழுதியது: பெரிய நகரத்தில் வேலை பார்த்த வருடங்களுக்குச் சம்பளத்தில் கூடுதல் மதிப்பு இருக்கிறது, அந்த ஊரைவிட்டுப் போன பிறகும் அது பெரும்பாலும் கூடவே வருகிறது. நான் சொன்ன இரண்டு குவியலில் இது ஆளோடு வரும் குவியல், வரவுப் பக்கம்.

திரும்பிவந்தவள்

இதை நான் ஒத்துக்கொள்கிறேன். நான்கு வருடத்தில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் கொண்டுவரவில்லை. ஆனால் திரும்பி வந்தபோது கிடைத்த வேலை, போகாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது. என் வருத்தமெல்லாம் ஒன்றுதான். எப்போது திரும்புவோம் என்று முடிவு செய்யாமல் போனோம். அதனால் இரண்டு வருடம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எதையும் வாங்காமல், யாரோடும் ஒட்டாமல் இருந்தோம். மீதி இரண்டு வருடம்தான் உண்மையில் அங்கே குடியிருந்தோம்.

பெட்டிகட்டாதவன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த இழையை மனைவியிடம் காட்டினேன். "25-ஐ விட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு நாள் பேசவில்லை. அப்புறம் அவரே அந்த நகரத்தில் நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்தார். இரண்டு இடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். கிடைத்தால் கைக்கு 70 வரும். அப்படி நடந்தால், பயணத்துக்கும் மற்றதுக்கும் இன்னும் 8 போனாலும் மாதம் 54.5 மிச்சம், இப்போதைய 37-ஐவிட நன்றாகவே அதிகம். கிடைக்காவிட்டால் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். நான் முதலில் தனியாகப் போய்ச் சேருவது, அவர்கள் பிறகு வருவது என்ற யோசனையும் இருந்தது. இரண்டு குடித்தனத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்து உடனே கைவிட்டோம்.

நிறுவனத்திடம் இரண்டு கேட்டேன். இடமாற்றப் படிக்கு ஒத்துக்கொண்டார்கள், 150 அளவுக்கு. ஒரு வருடத்துக்குள் விட்டால் திருப்பித் தர வேண்டும் என்ற வரி அதில் இருக்கிறது, ரெட்டைவாடகை சொன்ன மாதிரியே. சேரும் தேதியைத் தள்ளிவைக்கவும் கேட்டேன், ஆறு வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

மனைவியின் நேர்காணலுக்கு இருவரும் சேர்ந்து போகிறோம். நான் அந்த 28 வாடகை வீட்டிலிருந்து அலுவலகம்வரை காலை எட்டு மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கப் போகிறேன். உட்கார இடம் கிடைக்கிறதா என்று தெரிய வேண்டும்.

கடைசிவண்டி

காலையில் மட்டும் பார்க்காதீர்கள். மாலை ஆறரைக்குத் திரும்பியும் வந்து பாருங்கள், முடிந்தால் மழை பெய்கிற நாளில். காப்பகம் எத்தனை மணிக்குக் கதவை மூடுகிறார்கள் என்றும் கேட்டு வையுங்கள்.